அத்தை இரண்டு முறை ஏறிய மேடு

மேடு பள்ளமெல்லாம் தங்களுக்கு மட்டுமே வந்து வாய்த்தது, கடலோரத்துக்குப் போய்விட்டால் ரோடு தோசைக்கல் மாதிரி இருக்கும் என்று கண்டிக்காரர்கள் பலர் நம்புவார்கள். எங்கள் வீட்டில் அந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம். மஹய்யாவப் பக்கம் சரிவில் இருந்தது வீடு. காலைச் சாப்பாட்டுக்கு ஒரு இறாத்தல் பாண் வாங்குவதற்கும் இறங்கி ஏற வேண்டும். அதனால்தானோ என்னவோ, கடற்கரையோரமாகச் சைக்கிளில் கதிர்காமம் வரைக்கும் தனியாகப் போகப் போகிறேன் என்று அத்தை சொன்னபோது, அந்த ரோட்டில் மேடு இருக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். அவளைச் சின்ன வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவர் அப்பா என்பதால், அவளுடைய கல்யாணமும் தன் பொறுப்பு, தன் முடிவு என்று அவர் நினைத்திருந்தார். கம்பளையில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவரைப் பேசியும் வைத்துவிட்டார். அத்தை முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் கை நனைத்தபடியே ஒரு பேச்சுப் பேசினாள். தான் தனியாகக் கதிர்காமம் போய்ச் சேர்ந்துவிட்டால் கம்பளைக்காரருக்குப் பதில் சொல்வது தன் பாடு. நடுவில் எந்த வண்டியிலாவது ஏறிவிட்டால் மறு பேச்சில்லாமல் கழுத்தை நீட்டுவாள்.

அப்பா சிரித்துவிட்டார். "முதல்ல பேராதனைப் பாலம் தாண்டுவியா நீ?" என்றார்.

"தாண்டிட்டா?"

"தாண்டிட்டா பாப்போம்."

அத்தை அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கட்டுகஸ்தோட்டையில் பழைய சைக்கிள் விற்கும் ஒரு கடையில் கியர் சைக்கிள் ஒன்றை முன்னமே வாங்கி வைத்திருந்தாள். விடியற்காலையில் கண்டி வாவியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் முதலில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தாள். பிறகு பாதி தூரம் ஓட்டினாள். கடைசியில் இறங்காமலே வாசல் வரைக்கும் வந்து நின்று, மூச்சிரைக்க என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தை ஏதோ விளையாடுகிறாள், பெரியவர்களும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றுதான் எண்ணினேன்.

அவள் பேராதனைப் பாலத்தைத் தாண்டினாள். கடுகண்ணாவை இறக்கத்தையும் தாண்டிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாள். புடவைக் கடையில் அவளோடு வேலை செய்த சிங்களப் பெண்கள் வழிநெடுகத் தங்கள் சொந்தக்காரர் வீடுகளில் அவள் தங்க ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். அது அப்பா எதிர்பாராத சங்கதி. மறுநாள் இரவு போன் வந்தது. காலியில் இருக்கிறாளாம், கால் வலியைத் தவிர வேறு குறையில்லையாம். அப்பா போனை வைத்தார். பிறகு எழுந்து பக்கத்து வீட்டு வேன்காரரிடம் போனார்.

அந்த வேனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதன் சத்தம் மஹய்யாவ முழுக்கப் பிரசித்தம். காலையில் அது இருமிக் கனைத்துக் கிளம்பினால், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். ஏற்றம் என்றால் அதற்கு மூச்சு முட்டும். ஆனால் நாம் போவது கடற்கரைக்கு, அங்கே எல்லாம் சமதரைதானே என்று வேன்காரரும் அப்பாவும் முடிவு கட்டிக்கொண்டார்கள். அத்தைக்குத் தெரியாமல், கண்ணில் படாமல் பின்னாலேயே போவது, அவள் களைத்து உட்கார்ந்ததும் ஏற்றிக்கொண்டு வருவது. திட்டம் அவ்வளவுதான். அம்மா புளிச்சோறு கட்டினாள். "புள்ள களைச்சுப்போய் உக்காந்தா இதையாச்சும் தின்னட்டும்" என்றாள். அவள் யார் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. விடியுமுன்பே கிளம்பிய வேனில் அவளும் ஏற, கடலைப் பார்க்கலாம் என்ற ஒரே ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன்.

மாத்தறை தாண்டி வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் அவளைக் கண்டுபிடித்தோம். தூரத்தில் ஒரு மஞ்சள் சட்டை. "மெதுவா, மெதுவா" என்று அப்பா குனிந்துகொண்டார். எங்களையும் குனியச் சொன்னார். நான் குனியவில்லை. வலப்பக்கம் கடல் வந்துவிட்டது. அதுவரை வழிநெடுகத் தூங்கிவிட்ட நான் முதன்முதலாகப் பார்த்த கடல். அத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் என் கண் அதைவிட்டு மஞ்சள் சட்டைக்கே போய்விட்டது. லொறிகளும் பஸ்களும் உரசிக்கொண்டு போக, அவ்வளவு பெரிய கடலுக்குப் பக்கத்தில், அவ்வளவு சின்னதாக ஒருத்தி போய்க்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டில் எனக்குத் தலைசீவி விடுகிற அத்தைதான் அது என்று நம்ப முடியவில்லை.

திக்குவல்லையைத் தாண்டியதும் ரோடு எங்களை ஏமாற்றியது. கடலை விட்டு விலகி மேலே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வேன்காரர் முகம் மாறிவிட்டது. "என்னாங்க இது, கண்டி மாதிரியே இருக்கு" என்றார். அடுத்து வந்தது ஒரு நீண்ட மேடு. அத்தை இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். எங்கள் வேன் அடிவாரத்திலேயே ஒருமுறை குலுங்கி, பொசுக்கென்று புகை விட்டு, ரோட்டோரமாகப் படுத்துவிட்டது. மஞ்சள் சட்டை உச்சிக்குப் போய் மறைந்தது.

ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வேன்காரர் கையைச் சுட்டுக்கொண்டு வேனின் பரம்பரையையே திட்டினார். அத்தை களைத்து விழட்டும் என்று வந்த அப்பா, இப்போது ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். "தனியா போறா, தனியா போறா" என்று வாய்விட்டே சொன்னார். அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் மேட்டின் உச்சியில் மறுபடி மஞ்சள் தெரிந்தது.

அவ்வளவு பாடுபட்டு ஏறிய மேட்டை அத்தை இறங்கி வந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வந்து பிரேக் பிடித்தாள். முகம் செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தது, உதடு வெடித்திருந்தது.

"என்னாண்ணே, பின்னால சத்தத்தையே காணோம்? பயந்துபோயிட்டேன்."

அப்பா ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தார். வேன்காரர் தலையைச் சொறிந்தார். "நாங்க வாறது எப்பருந்து தெரியும்?" என்று அம்மாதான் கேட்டாள்.

"மாத்தறையிலருந்தே தெரியும் அண்ணி. தெனமும் காலையில கேக்குற சத்தமாச்சே."

சைக்கிளில் கட்டியிருந்த இரண்டு போத்தல் தண்ணீரையும் அவிழ்த்து வேன்காரரிடம் கொடுத்தாள். அம்மா ஊட்டிய புளிச்சோற்றை நின்றபடியே வாங்கித் தின்றாள். வேன் கதவு அவளுக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அவள் கால்கள் நடுங்குவதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்திருக்க வேண்டும்.

"ஏறிக்க புள்ள, போதும். ஊர்ல யாருக்கும் சொல்ல மாட்டோம்" என்றாள் அம்மா.

அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஏறியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் நினைத்து வந்ததெல்லாம் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. அவர் அவளுடைய சைக்கிளின் முன்சக்கரத்தைக் காலால் தட்டி, காற்று இருக்கிறதா என்று பார்த்தார்.

"நேரமாகுது. கெளம்பு" என்றார்.

அவர் கோபமாகச் சொன்னதாகவே எனக்குப் பட்டது.

அத்தை மறுபடி ஏறினாள். இந்த முறை எல்லோரும் ரோட்டில் நின்று வெளிப்படையாகப் பார்த்தோம். வளைந்து வளைந்து மிதித்தாள். பாதியில் ஒரு காலை ஊன்றி நின்று குனிந்துவிட்டாள். "கதிர்காமத்து ஐயா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் கால் தரையை விட்டு எழும்பியது. கோயிலில் தீபாராதனை நேரத்தில் உடம்பில் ஒன்று ஓடுமே, அது எனக்கு அந்த மேட்டடியில் ஓடியது.

வேன் இருமிக் கிளம்பியதும் வேன்காரர் மேட்டைப் பார்த்துத் திருப்பினார். "அந்தப் பக்கம் வேணாம்" என்றார் அப்பா. "வீட்டுக்குத் திருப்புங்க."

"புள்ளைய நடுரோட்டுல விட்டுட்டா?" அம்மாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"தனியா போறேன்னுதானே கேட்டா" என்றார் அப்பா.

நான் ஓவென்று அழுதேன். கதிர்காமம் பார்க்காமல், கடலில் காலைக்கூட நனைக்காமல் திரும்புகிறோமே என்று ஒரு அழுகை. அத்தையைக் கைவிட்டுவிட்டாரே என்று இன்னொரு அழுகை. அப்பாவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் கதிர்காமத்திலிருந்து அத்தை போன் எடுத்ததும், சில வாரங்கள் கழித்து அவள் வேண்டாம் என்றதை அப்பாவே கம்பளைக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்ததும் பிறகு நடந்த கதை. வேனுக்குள் இருந்த எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

பின்கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டின் உச்சியில் அத்தை சைக்கிளை நிறுத்தித் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் ஆகாயம். ஒரு கையை உயரத் தூக்கினாள்.

"அத்தை கூப்பிடுறாங்கப்பா! நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அப்படியே வெகு நேரம் வைத்திருந்தார். முன்னால் ஏதோ திருப்பம் வருகிறது போல, அதற்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேனை ஓட்டிக்கொண்டிருந்தது அப்பா இல்லை என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.