மவ போனுக்கு வர்ற ஓடிபி

என் வீட்டுக்காரவுக ஒரு நாளைக்கு என்கிட்ட ஆறு நம்பர் பேசுவாவ. கூட ஒரு கேள்வி. அவ்வளவுதான். மௌத்து விழுந்த வீட்டுல பேச்சு கொறையும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா இப்படியுமா?

காலையில பத்து மணிக்குக் கீழ கார்கானாவுல இருந்து இரும்பு ஏணி ஏறி வீட்டுக்கு வருவாவ. கட்டில்ல உக்காந்து மவளோட போனை மடியில வச்சுக்குவாவ. நான் லேப்டாப்பைத் தொறந்து பேமென்ட் கம்பெனி வெப்சைட்டுல நம்ம கணக்குக்குள்ள போகப் பாப்பேன். உள்ள விடுறதுக்கு முந்தி அது ஒரு ஓடிபி அனுப்பும். அந்த ஓடிபி என் போனுக்கும் வராது, அவுக போனுக்கும் வராது. மௌத்தாப்போன எங்க மவ போனுக்குத்தான் வரும். டிங்குன்னு சத்தம் கேக்கும். அவுக கண்ணாடியைச் சரிபண்ணிட்டு ஒவ்வொரு நம்பரா படிப்பாவ. கீழ ஓடுற தையல் மெஷின் எரைச்சல்ல எனக்குப் பாதிதான் காதுல விழும். "திரும்பச் சொல்லட்டுமா?"ம்பாவ. "ம், சொல்லுங்க"ம்பேன். மறுபடியும் சொல்லிட்டு, போனைச் சார்ஜ்ல போட்டுட்டு, ஏணியில எறங்கிப் போயிருவாவ.

தாராவியில எங்களுக்கு லெதர் பேக் தைக்கிற கார்கானா. கீழ தொழில், மேல வீடு. வீடு முழுக்க தோல் ஒட்டுற சொல்யூஷன் வாடைதான், எங்களுக்கு அது பழகிப்போச்சு. முந்தியெல்லாம் தச்சதைக் கடைக்காரங்களுக்குப் போட்டுட்டு, அவங்க குடுக்கிற ரேட்டை வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தோம். மவ பி.காம் முடிச்சிட்டு வந்து, "வாப்பா, நீங்க தைக்கிற பேக்கை அவன் ரெண்டு மடங்குக்கு விக்கான். நாமளே வித்தா என்ன?"ன்னு கேட்டா. கேட்டதோட நிக்கல, அவளே ஒரு வெப்சைட்டும் போட்டுட்டா. தொழில் வாப்பா பேருல, பேங்க் கணக்கும் வாப்பா பேருல. போன் நம்பர் மட்டும் அவளோடது. "வாப்பாவுக்கு ஓடிபி வந்தா ஏதோ லாட்டரின்னு நெனச்சு அழிச்சிருவாவ"ன்னு சிரிச்சா. அவுகளும் சிரிச்சாவ.

ஆன்லைன்ல விக்கிறது பெரிய வேலை இல்ல. காசு வந்ததும் அதைப் பிரிக்கிறதுதான் சீரழிவு. ஆளாளுக்குப் பேக் வாங்கிப் பணம் கட்டுவாங்க. அது நேரா நம்ம கைக்கு வராது. பேமென்ட் கம்பெனி எல்லாத்தையும் சேத்து வச்சுக்கிட்டு, ரெண்டு நாள் கழிச்சு, அதோட கமிஷனைக் கழிச்சு, கமிஷனுக்கு ஜிஎஸ்டியைக் கழிச்சு, எவனோ திருப்பி அனுப்புன பேக்கோட காசையும் கழிச்சு, மிச்சத்தை ஒரே தொகையா பேங்க்ல போடும். ஊர்க்காரங்க எல்லாரோட அரிசியையும் ஒரே பானையில போட்டு வடிச்சிட்டு, இதுல உன் சோறு எதுன்னு எடுத்துக் காட்டுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான். மவ தெனமும் அதைப் பிரிச்சு, எந்தத் தொகையில எந்தப் பேக்கோட காசு வந்திருக்குன்னு பாத்து கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்துவா. நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டே பேங்க் மெசேஜை வாசிக்கணும், அவ டிக் போடுவா. நான் முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல்ல பத்தாவது படிச்சவ. "உம்மா, நீ வாசிச்சா எனக்கு டேலி ஆகுது. நானே வாசிச்சா ஆகமாட்டேங்குது"ன்னு ஐஸ் வைப்பா. கள்ளி.

போன மழைக்கு முந்தின மழையில அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மழைக்காலத்துக் காய்ச்சல்தானேன்னு கஞ்சி வச்சுக் குடுத்தேன். அப்புறம் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "உம்மா, நேத்து கணக்கு பாக்கல"ன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. "சவத்த வுடு, இப்ப அதுவா முக்கியம்?"னேன். திரும்பி வர்றப்ப அவ ஆம்புலன்ஸ்ல வந்தா. இதுக்கு மேல என்னால எழுத முடியாது.

நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் போனதும் வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அவுக வாயை மூடிக்கிட்டாவ. கீழ பேக் தைக்கிற காரிகர்கள்கிட்ட ஹிந்தியில பேசுறது மேல கேக்கும். மேல வந்தா ஒண்ணும் கெடையாது. தட்டை வச்சா சாப்பிடுவாவ, உப்பு இல்லாட்டியும் சாப்பிடுவாவ. நான் அழுதா எந்திரிச்சுப் போயிருவாவ. எனக்குப் பத்திக்கிட்டு வரும். எனக்கும்தானே மவ? நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? செவுத்துக்கிட்டயா?

கணக்கு மட்டும் நிக்கக் கூடாதுல்லா. காரிகர்களுக்குச் சனிக்கெழமை சம்பளம் குடுக்கணும். வாசிச்சு வாசிச்சே எனக்குப் பாதி புரிஞ்சிருந்துச்சு, மிச்சத்தைத் தப்பு பண்ணிப் பண்ணிப் படிச்சேன். லேப்டாப் பாஸ்வேர்டு அவ என்கிட்ட சொல்லியிருந்தா. ஓடிபிக்குத்தான் அவ போன் வேணும். அந்தப் போனை அவுக யாரையும் தொடவிட மாட்டாவ. மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுவாவ. பசியாற மறந்தாலும் அதை மறக்க மாட்டாவ. அதனாலதான் பத்து மணி வழக்கம் வந்துச்சு. நான் தட்டுவேன், அவுக வாசிப்பாவ.

ரம்ஜானுக்கு முந்தி ஆர்டர் எக்கச்சக்கமா வந்துச்சு. கூடவே ரிட்டர்னும் வந்துச்சு. என் கணக்கு அந்து அவலாப் போச்சு. செம்பூர்ல எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுனா. மாட்டுங்காக்காரி, தமிழ் பேசுவா, ஆனா படிக்கத் தெரியாது. "ஆன்ட்டி, இதை எதுக்குக் கையால பண்றேள்? சாஃப்ட்வேரையும் பேமென்ட் கம்பெனியையும் கனெக்ட் பண்ணிட்டா தானே போய் எடுத்துண்டு வந்துடும். கமிஷன், ரிட்டர்ன் எல்லாம் தானே பிரிச்சுடும். ஓடிபியே வேண்டாம்"னா. "அப்படியே நம்பரையும் அங்கிள் நம்பருக்கு மாத்திடலாம். எத்தனை நாள் அந்தப் பழைய போனை வச்சுண்டு கஷ்டப்படுவேள்?"

எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. வேலை மிச்சமாகும்ங்கிறதுக்காக இல்ல. தெனமும் அந்த ஆறு நம்பரைச் சொல்லிட்டு ஓடிப்போறவுக, நம்பர் இல்லேன்னா வேற எதையாவது பேசித்தானே ஆகணும்? என்னைப் பாத்து, "ஏளா, சாப்பிட்டியா?"ன்னு ஒரு வார்த்தை கேப்பாவன்னு நெனச்சேன். அவுககிட்ட விசயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டுனாவ. அதுக்கு என்ன அர்த்தம்னு அல்லாவுக்குத்தான் தெரியும்.

அந்தப் பொண்ணு லேப்டாப் பையோட வந்தா. இரும்பு ஏணியைப் பாத்ததும் பயந்துட்டா, நான்தான் கையப் புடிச்சு ஏத்துனேன். டீ குடுத்தேன். பத்து மணிக்கு அவுக வந்து வழக்கமான எடத்துல உக்காந்தாவ. டிங்குன்னு வந்துச்சு. படிச்சாவ, அவ தட்டுனா. தப்புன்னு காட்டுச்சு. "அங்கிள், ஒன்ஸ் மோர்"னா. மறுபடியும் படிச்சாவ, மறுபடியும் தப்பு. அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுச்சு. அன்னைக்கு அவுக, "திரும்பச் சொல்லட்டுமா?"ன்னு கேக்கல.

"இன்னொரு தடவை தப்பாப் போட்டா அக்கவுண்ட் லாக் ஆயிடும் ஆன்ட்டி. அப்புறம் பேப்பரெல்லாம் குடுத்துத் தொறக்கணும். அது வரைக்கும் பணம் வராது"ன்னு அந்தப் பொண்ணு பதறுனா. நான் எந்திரிச்சுப் போய் அவுக பக்கத்துல நின்னு போனை எட்டிப் பாத்தேன். அதுல இருந்த நம்பருக்கும் அவுக வாயில வந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்ல. கண்ணாடி மூக்கு மேலதான் இருக்கு, எழுத்தும் பெருசாத்தான் இருக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் பொண்ணு நிக்கிறதுகூடத் தெரியல. "என்ன, கோட்டி புடிச்சிருச்சா உங்களுக்கு? வேணும்னே தப்பாச் சொல்லுதியளா? சனிக்கெழமை காரிகருக்கு என்னத்தத் தூக்கிக் குடுப்பிய? பேசமாட்டிய, சிரிக்கமாட்டிய, அழமாட்டிய, இதுலயும் வந்து மண்ணை அள்ளிப் போடுதியளா?"ன்னு கத்துனேன். கீழ ஒரு மெஷின் நின்னுபோச்சு.

அவுக போனை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டாவ. என்னைப் பாக்கல, போனைத்தான் பாத்தாவ.

"இதை மாத்திட்டா பிள்ளைக்கு ஒரு மெசேஜும் வராதுல்லா"ன்னாவ.

அந்த ஒரு கேள்வியை விட்டா, அத்தனை மாசத்துக்கு அப்புறம் அவுக வாயில இருந்து வந்த மொத வாக்கியம் அது. அந்தப் பொண்ணு லேப்டாப்புக்குள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் தரையிலேயே உக்காந்துட்டேன். யாரு வேணா எழுதட்டுமேன்னுதான் அவுக அந்தப் போனைச் சார்ஜ் பண்ணி வச்சிருந்தாவ. அவ கூடப் படிச்ச சேக்காளிகள் எழுதுறதை நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு. பேங்க்காரன் அவுக நம்பருக்கும் என் நம்பருக்கும்தான் அனுப்புவான். மவளைத் தேடித் தெனமும் வந்தது இந்த ஓடிபி ஒண்ணுதான்.

வேண்டாம், விட்டுருவோம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவுகளே புது ஓடிபி கேக்கச் சொன்னாவ. சம்பளத்தை ஒரு சனிக்கெழமைகூடத் தள்ளிப் போட்ட ஆளு இல்ல அவுக. டிங்குன்னு வந்துச்சு, படிச்சாவ. "திரும்பச் சொல்லட்டுமா?"ன்னாவ. "ம், சொல்லுங்க"ன்னேன். இந்தத் தடவை சரியா இருந்துச்சு.

நம்பர் மாறுன கையோட மவ போன்ல கடைசியா ஒரு சத்தம் வந்துச்சு. முழுக்க இங்கிலீசு, நம்பர் ஒண்ணும் இல்ல. அவுக போனை அந்தப் பொண்ணுகிட்ட நீட்டி, "என்ன போட்டிருக்கும்மா?"ன்னாவ. அவ அவுக மொகத்தைப் பாத்தா, என் மொகத்தைப் பாத்தா. "இனிமே இந்த நம்பருக்கு எதுவும் வராதுன்னு போட்டிருக்கு அங்கிள்"னு மெல்லச் சொன்னா. அவுக போனை வாங்கிச் சட்டையில தொடச்சிட்டுச் சார்ஜ்ல போட்டாவ.

சாஃப்ட்வேர் நல்லாத்தான் வேலை செய்யுது. குத்தம் சொல்ல முடியாது. காலையில நான் எந்திரிக்கிறதுக்குள்ள எல்லாத் தொகையையும் பிரிச்சு, கமிஷனை ஒரு பக்கம், ரிட்டர்னை ஒரு பக்கம் வச்சு, டேலி ஆயிருச்சுன்னு வரிக்கு வரி பச்சையா காட்டிருது. நான் முக்கி முக்கிப் பாத்த வேலையை அது நான் பல் தேய்க்கிற நேரத்துல முடிச்சிருது. ஆடிட்டர் ஆபீஸ்ல பாராட்டுனாங்க. நாசமாப் போற பச்சை. அதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்.

பத்து மணிக்கு அவுக பழக்கத்துல ஏணி ஏறி வருவாவ. கட்டில்ல உக்காந்து போனை மடியில வச்சிருப்பாவ. கொஞ்ச நேரம் பாப்பாவ, அப்புறம் எறங்கிப் போயிருவாவ. நான் எதிர்பாத்த, "ஏளா, சாப்பிட்டியா?" வரவே இல்ல. முந்தி ஆறு நம்பராவது இருந்துச்சு, இப்ப அதுவும் இல்லாமப் போச்சு. நானும் என்னென்னமோ பேசிப் பாத்தேன். பருப்பு வெலை சொன்னேன், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னேன். காதுல விழுந்த மாதிரியே தெரியல. மாசம் பொறந்தா ரீசார்ஜ் மட்டும் தவறாம நடந்துச்சு.

ஒரு வெள்ளிக்கெழமை, கார்கானா லீவு. ஒரு மெஷினும் ஓடல. அவுக வந்து கட்டில்ல உக்காந்தாவ. நான் அடுப்படி மூலையில நின்னுக்கிட்டு என் போனை எடுத்தேன். மவ நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு, அதை யாரு அழிப்பா? வாயில வந்த ஆறு நம்பரைத் தட்டி அவளுக்கு அனுப்புனேன். அனுப்பிட்டு ஓடிவந்து லேப்டாப்புக்கு முன்னால உக்காந்துக்கிட்டேன்.

டிங்குன்னு சத்தம். அவுக ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு. போனைத் திருப்பிப் பாத்தாவ. அனுப்புனது யாருன்னு அதுல போட்டிருக்கும், மவ என்னை, "உம்மா"ன்னுதான் பதிஞ்சு வச்சிருந்தா. ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாவ. அப்புறம் என்னைப் பாத்தாவ. நான் விரலைத் தட்டுறதுக்குத் தயாரா வச்சுக்கிட்டுத் திரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். தட்டுறதுக்கு அங்க ஒரு கட்டமும் இல்ல, வரிக்கு வரி பச்சைதான்.

கண்ணாடியைச் சரிபண்ணுனாவ.

"எட்டு. மூணு. ஒண்ணு. ஒண்ணு. அஞ்சு. ரெண்டு."

வீட்டுல ஒரு எரைச்சலும் இல்ல, ஒவ்வொரு நம்பரும் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு.

"திரும்பச் சொல்லட்டுமா?"ன்னாவ.

"ம், சொல்லுங்க"ன்னேன்.