ஷேர் ஆட்டோவில் பரீட்சை எழுதிய பாட்டு

என் மாமாவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு முட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக இருப்பவரைப் போலத்தான் சாப்பிடுவார். "சோத்துக்கு மருவாத குடுடா" என்று அம்மா கத்துவாள். அம்மாவின் தம்பி அவர். கல்யாணமாகாமல், ராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்கு மாமா செய்வது ஒரு தொழில் என்றே தோன்றவில்லை. வியர்வை வராத வேலையை அவர் வேலையில் சேர்ப்பதில்லை.

மாமா பாட்டு விற்றார். காசிமேட்டில் மீன்பிடி வலைகளைக் குவித்து வைத்திருந்த ஒரு குடோனுக்குள் மைக்கைத் தொங்கவிட்டு, கானா பாடும் பையன்களைக் கூட்டிவந்து பாடவைப்பார். வலைக் குவியல் எதிரொலியை அப்படியே விழுங்கிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பாடிவிட்டு வெளியே வரும் பையன்கள்மேல் இரண்டு நாள் கருவாட்டு வாசனை அடிக்கும். கம்பெனிக்கு 'வலைரூம் மியூசிக்' என்று பெயர். பாட்டை செல்போன் கடைகளுக்குக் கொடுப்பார், அவர்கள் மெமரி கார்டில் ஏற்றி விற்பார்கள். பாட்டின் பெயரை ஆங்கிலத்தில் தட்டிக் கொடுப்பது நான். நான்காம் வகுப்புதான் என்றாலும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனவே வலைரூம் மியூசிக்கின் ஆங்கிலம் முழுக்க என் பொறுப்பு.

அப்போது வடசென்னையில் இப்படிப் பேட்டைக்கு ஒருவர் இருந்தார். வியாசர்பாடிக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தலிலேயே கச்சேரியைப் பதிவு செய்து, பந்தி முடிந்து ஜனங்கள் கை கழுவுவதற்குள் அதை அவர்கள் போனிலேயே ஏற்றிவிடுவார். அதைக் கேள்விப்பட்ட அன்று மாமா தெருவில் மேலும் கீழுமாக நடந்தார். "இது ஏன்டா நமக்குத் தோணல? கில்லாடிப்பா அவன்." பொறாமையும் சந்தோஷமும் ஒரே முகத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாமாவிடமும் ஒரு வித்தை இருந்தது. புதுப் பாட்டைக் கடைக்குக் கொடுக்குமுன் ஷேர் ஆட்டோவில் போட்டுப் பார்ப்பார். எண்ணூர் போகும் தன் தோஸ்தின் வண்டியில் பென் டிரைவைச் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத பயணியைப் போல உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களின் விரல்களையும் பாதங்களையும் கவனிப்பார். ஒருமுறை ஒரு பெண்ணின் பாதத்தை அதிக நேரம் கவனித்துச் செருப்படி வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு என்னைத் துணைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். குழந்தையோடு வரும் ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

தாளம் போட்டால் பாட்டு பாஸ். அதைவிடப் பெரிய பாஸ் ஒன்று இருந்தது. யாராவது பாட்டைத் திட்ட வேண்டும். "திட்டுனா உள்ள போயி குத்திக்கீதுன்னு அர்த்தம். கம்முனு குந்திகினு வந்தாங்கன்னா பாட்டு பூட்ச்சு" என்பார் மாமா.

ஒரு சனிக்கிழமை இந்தப் பரீட்சையைப் பார்க்க நகரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மியூசிக் கம்பெனியின் ஆள் வந்தார். எங்கள் பக்கத்துக் கடைகளில் எந்தப் பாட்டு போகிறது என்று விசாரித்து, வலைக் குடோன்வரை வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. மாமாவை அவர் "சார்" என்று கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாட்டு தேறினால் தமிழ்நாடு முழுக்கப் போடலாம் என்று அவர் சொன்னதிலிருந்து மாமாவின் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

நாங்கள் மூவரும் ஏறிய ஆட்டோ தண்டையார்பேட்டை தாண்டியதும் பாட்டு ஆரம்பித்தது. வேலைக்குப் போன புருஷன் வீடு திரும்பாமல் போக, பெண்டாட்டி அவனை வாய்க்கு வந்தபடி ஏசுகிற பாட்டு. எங்கள் எதிரே காலி மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா, பக்கத்தில் தொழிற்சாலைச் சட்டை போட்ட இருவர். யாருடைய விரலும் அசையவில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்துவிட்டன. வெயில், டீசல் புகை. பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. மாமா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ் டிரைவரு" என்றாள் கூடைக்காரம்மா திடீரென்று. "இன்னா பாட்டுய்யா இது, பேமானிப் பாட்டு! எவன்யா பாடுனான் இத? அவன் வாயில கொள்ளிய வெக்க."

மாமா என் கையை விட்டார். அவர் கண்கள் பளபளத்தன. ஆனால் கம்பெனிக்காரருக்கு முகம் செத்துவிட்டது. மாமா பாவம் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. முன்னால் எட்டி, "நிறுத்திடுங்க டிரைவர், அவங்களுக்குப் பிடிக்கல" என்றார். பாட்டு நின்றது.

"இன்னாத்துக்கு நிறுத்துன?"

"நீங்கதானேம்மா திட்டினீங்க..."

"நானு திட்டுவேன், அழுவேன், உனுக்கு இன்னா? எம்புருசனயும்தான் டெய்லி திட்னேன், அதுக்குன்னு ஊட்ட வுட்டா தொர்த்துனேன்? போய்ச் சேந்துட்டான் மனுசன். போடுய்யா பாட்ட!"

"அப்டிப் போடு ஆயா!" என்றார் டிரைவர். தொழிற்சாலைச் சட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டு மறுபடி வந்தது. அந்த அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே கூடையில் தாளம் போட ஆரம்பித்தாள்.

எண்ணூரில் இறங்கி டீக்கடைக்குப் போனோம். கம்பெனிக்காரர் பாட்டை எடுத்துக்கொள்கிறோம் என்றார். மாமாவையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். மாதச் சம்பளம், ஏசி அறை.

"அப்ப வலைரூம்னு பேரு போடுவீங்கள்ல?" என்றார் மாமா.

"அது எதுக்கு சார் இனிமே? நீங்களே எங்க கம்பெனி ஆயிட்டீங்களே."

"புதுப் பாட்டுன்னா ஆட்டோல போட்டுப் பாக்கணும் சார். அது மட்டும்..."

"அதெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிடும் சார். நீங்க நிம்மதியா உக்காருங்க."

மாமா டீயைக் குடிக்காமல் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த இரண்டு 'சார்'களையும் மனதில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தேன்.

சம்பளம் என்ற சொல்லை அம்மா தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னாள். அப்பாகூட, வாழ்க்கையில் முதல்முறையாக, மாமாவுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தார். நான் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். பிறகு பாட்டு வெளிவந்தது. வேறு யாரோ பாடியிருந்தார்கள், 'கீது' எல்லாம் 'இருக்கு' ஆகியிருந்தது, ஏச்சு வார்த்தைகள் போன இடத்தில் வயலின் வந்திருந்தது. எனக்கு அது மிகவும் நாகரிகமாகத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டை ஒருவரும் திட்டவில்லை.

வியாசர்பாடிக்காரருக்கும் பிறகு அதே கம்பெனியில் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. இன்று நான் வணிகவியலில் முதுகலை முடித்தவள். போட்டிக்காரனைத் தோற்கடிப்பதைவிட அவனுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைப்பது மலிவு என்பதை எந்தப் பாடத்தில் படித்தேன் என்றும் சொல்லமுடியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா புதுப் பாட்டு ஒன்றை எடுத்துப்போவார், அவர்கள் "பாக்கலாம் சார்" என்பார்கள், மாலையில் அவர் திரும்பி வருவார் என்பதுதான். அந்தச் 'சார்' எனக்கு அப்போதும் இனித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா பாயை விரித்துப் படுத்தார். பகலில் அவர் படுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. "பாவம், இப்பதான் புள்ள நிம்மதியா தூங்குது. எவனாச்சும் சத்தம் போட்டான்னா பாத்துக்க" என்று அம்மா என்னை வாசலில் நிறுத்தினாள். நான் அந்தக் காவலை மிகுந்த பெருமையோடு செய்தேன். தெருவில் டப்பா தட்டிப் பாடிக்கொண்டிருந்த பையன்களிடம் போய், "எங்க மாமா கம்பெனி ஆபீசரு, தூங்கறாரு, அந்தாண்ட போங்கடா" என்று அதட்டினேன். அவர்கள் போய்விட்டார்கள். தெரு முழுக்க அமைதியானது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார், கண்கள் திறந்திருந்தன. சிலர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அடிமேல் அடிவைத்துப் போய், நல்ல தூக்கம் என்று அம்மாவின் காதில் சொன்னேன்.