அங்கம்மாள் அக்காவின் ஒற்றைப் பாத்தி

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலை. சேலத்தில் நான் வேலை பார்க்கும் நூல் கடைக்கு ஜலகண்டாபுரத்து நெசவாளர் ஒருவர் வந்தார். அங்கம்மாள் அக்கா காய்ச்சலில் காலமாகிவிட்டதாகச் சொன்னார். அதோடு விடவில்லை. "நல்ல பொம்பளதானுங்க. ஒரு பிடி கீரைக்குத்தான் மனசு வராது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பேச்சு இன்னும் ஊரில் நிற்கிறதென்றால் அதற்கு நானே காரணம். இதை எழுதுவதும் அதனால்தான்.

அக்கா எனக்கு உறவில்லை. ஜலகண்டாபுரத்தில் அடுத்த வீடு. கணவரை இழந்தவர். அவருக்கு இருந்தது ஒரு தறியும் புழக்கடையில் நான்கு கீரைப் பாத்திகளும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு விறைப்பேற்றப் போட்டு மிஞ்சிய கஞ்சியை யாரையும் கொட்ட விடமாட்டார். குடத்தோடு வந்து வாங்கிப்போய், தண்ணீர் கலந்து பாத்திக்கு ஊற்றுவார். தெருவில் வீட்டுக்கு வீடு முறைவைத்து அரைக்கீரை வந்துவிடும். ஒருமுறை உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் அரிவாளைத் தரையோடு இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார். "ரெண்டு விரக்கடை நிக்கோணுஞ் சாமி. அப்பத்தான் எட்டு நாள்ல மறுக்காத் தழையும்" என்றார்.

உலகப் போர்க்காலத்தில் நூல் வரத்து நின்றது, தறிகளும் நின்றன. பல வீடுகளில் கூழுக்குத் துணை அக்காவின் கீரைதான். அப்போது என் மகள் சிவகாமிக்கு ஆறு வயது. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வைத்தியர் மாலைக்கண் என்றார். நாள் தவறாமல் கீரை கொடுக்க வேண்டும், விட்டால் பார்வையே போய்விடலாம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அக்கா அறுக்கும் முதல் பிடி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

நான்கு மாதம் கழித்து எனக்குக் கொஞ்சம் நூல் கிடைத்தது. சாயம் தோய்த்த தண்ணீரைத் தெருக்கோடிக் குழியில் கொட்டுவதுதான் எங்கள் வழக்கம். மறுபடி தறி ஓடப்போகிற அவசரத்தில் நான் நீலச் சாயத் தொட்டியைப் புழக்கடையிலேயே சாய்த்துவிட்டேன். சாயக் காரம் ஏறிய அந்தத் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு அக்காவின் பக்கம் இறங்கியது. மூன்றே நாளில் மூன்று பாத்திகள் கருகின. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று தெரு பேசியது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மிஞ்சிய ஒரு பாத்தியைத் தெரு முழுக்கப் பங்கு வைத்தால் யாருக்கும் காணாது. அக்கா மற்ற வீடுகளுக்கு நிறுத்திவிட்டார். எங்கள் கஞ்சியில் வளர்ந்த கீரைதானே என்று பெண்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். மறுநாள் வேலிக்கு மேலே கீரையை நீட்டியபோது என்னிடம் மட்டும் சொன்னார்: "இனிமே சாயத் தண்ணியக் குழிக்கே கொண்டுபோய் ஊத்து சாமி. இந்தப் பாத்தி புள்ளைக்கு."

கருகிய செடிகளைப் பிடுங்கியவர் அவர்தானே. வேரில் ஏறியிருந்த நீலத்தைப் பார்த்திருக்கிறார், பார்த்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தெருவில் நின்று 'நான்தான் செய்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சிவகாமிக்குக் கண் தெளிந்தது. பிறகு பிழைப்பைத் தேடிச் சேலம் வந்துவிட்டேன். அக்காவுக்குக் கருமி என்ற பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

சாவுக்குப் போன அன்றும் எனக்கு நா எழவில்லை. காரியம் முடிந்த மறுநாள்தான் தெருவாரைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தன நாளா ஏஞ்சாமி சொல்லல?" என்று கேட்டார் ஒரு பெரியம்மா.

பொழுது இறங்கிவிட்டிருந்தது. ஆளில்லாத அந்தப் புழக்கடையில் காலப்போக்கில் தேறிய மூன்றும் சேர்த்து நான்கு பாத்திகளும் தழைத்து நின்றன. என்னோடு வந்திருந்த சிவகாமி விளக்கில்லாமலே உள்ளே இறங்கி, இரண்டு விரற்கடை விட்டுக் கீரை அறுத்தாள். வீட்டுக்கு ஒரு பிடியாகத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, தடுமாறாமல் இருட்டில் நடந்து வந்தாள்.

அக்கா, உங்களுக்குச் சேர வேண்டிய வார்த்தையை நீங்கள் கேட்க முடியாத நாளில் சொல்லியிருக்கிறேன். மன்னியுங்கள். போய் வாருங்கள்.