உறைந்த அருவியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்

மைசூர் விஜயநகரிலிருந்து இமாசலம் வரை போய் உறைந்த அருவியைப் பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. எனக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்கே போனதும் முதல் ஏற்றத்திலேயே முட்டி வலிக்கிறதென்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ட்டு வா. பாட்டில்ல தண்ணி பிடிச்சிட்டு வா, தலைல தெளிச்சுக்கறேன், சரியா, ஆய்த்தா?" என்றார், பாதி கன்னடத்தில். எந்த அருவிக்குப் போனாலும் எங்கள் வீட்டு வழக்கம் அது.

பனியில் கால் புதையப் புதைய, அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். அருவி வெள்ளைத் தூணாக நின்றது. அழகாகத்தான் இருந்திருக்கும், நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. பாட்டிலைத் திறந்த பிறகுதான் புத்தியில் ஏறியது, அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கூட வந்த வழிகாட்டிக்கு என் வயதிருக்கும். என் சைகையைப் புரிந்துகொண்டு, பனிக்கட்டியை உடைத்து நாலைந்து சில்லுகளைப் பாட்டிலில் போட்டார். அதைத் தன் கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நான் கை நீட்டியபோது, நடுங்கும் என் விரல்களைக் காட்டி மறுத்துவிட்டார். இறங்கும் வழியெல்லாம் பல் கிடுகிடுக்க நடந்தார்.

டீக்கடையில் கணவர் குளிருக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். ஊற்றினேன்.

"என்னம்மா இது, வெதுவெதுன்னு இருக்கு?"

வழிகாட்டி அடுப்போரம் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

அருவி எப்படி இருந்தது என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். வெதுவெதுப்பாக இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?