நைனா பேரில் பறந்தவர்

அக்கா வாழ்க்கைப்பட்டது போர்ட் பிளேரில். பிரசவத்துக்கு அம்மா முன்பே கப்பலேறிப் போயிருந்தாள். பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளுக்குள் நைனா போய்ச் சேர்ந்தால் போதும் என்று, மலிவாகக் கிடைத்த சமயத்தில் நான்தான் செல்போனில் விமான டிக்கெட் போட்டேன். நைனா அதைப் பழவேற்காட்டு மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கிளம்ப வேண்டிய வாரத்தில், மணல் மூடிக் கிடந்த ஏரியின் முகத்துவாரம் கடல் பக்கம் திறந்துகொண்டது. ஏரியில் இறால் அது பாட்டுக்கு வந்து விழுந்தது. பேரன் எங்கேயும் ஓடமாட்டான், இறால் ஓடிவிடும் என்று சொல்லிவிட்டு நைனா வலையோடு படகில் ஏறிவிட்டார்.

டிக்கெட் வீணாகக் கூடாதென்று, மீன் விற்கும் என் அத்தை தன் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். டிக்கெட்டில் பேரை மாற்ற முடியாது என்றேன். நம்பவில்லை. விமானக் கம்பெனிக்கு போன் போடச் சொன்னாள். பேசிய பெண் தேன் மாதிரி பேசினாள். பேர் மாற்ற வழியில்லை, ரத்து செய்தால் ஏறக்குறைய ஒன்றும் திரும்பாது, அதே விமானத்தில் புது டிக்கெட் இப்போது மூன்று மடங்கு விலை. அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏம்மா, நேரம் ஆவ ஆவ மீனு வெல எறங்கும். உன் சீட்டு மட்டும் இன்னாத்துக்கு ஏறுது? பிளேன் போனப்புறம் மிச்ச சீட்ட கருவாடு போடுவியா?”

அந்தப் பெண் அழைத்ததற்கு நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கரைக்கு வந்த நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கால் கழுவியபடியே தீர்ப்புச் சொன்னார்.

“பேர மாத்தக் கூடாதுன்னா ஆள மாத்து.”

எங்கள் குப்பத்தில் பாதி ஆம்பிளைகளுக்குக் குலசாமி பேர்தான். அதில் இனிஷியல் வரைக்கும் நைனாவோடு ஒத்துப்போகிறவர் நாலு வீடு தள்ளியிருக்கும் மாமா. அவர் படகு இன்ஜின் பழுதாகி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டவுடனே தலையாட்டிவிட்டார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அத்தை எங்களோடு பேசுவதை நிறுத்தினாள்.

மீனம்பாக்கத்தில் வாசலிலேயே பிடித்துவிடுவார்கள் என்று பயந்து நான் கிளம்பாமல் அங்கேயே நின்று பார்த்தேன். காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், உள்ளே விட்டார். பேரும் முகமும் அவருடையவைதானே.

அக்கா வீட்டுக்குச் சொல்லும் பொறுப்பை நைனா எடுத்துக்கொண்டு, இறால் மும்முரத்தில் மறந்துவிட்டார். அங்கே விமானம் இறங்கியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“உங்க நைனா இன்னும் வெளிய வரல. நாலு வீடு தள்ளி இருக்காரே, அந்த அண்ணன் வந்து நிக்கிறாரு. யாரு கூட வந்தீங்கன்னு கேட்டா, நான்தான் அவருன்றாரு.”

பெயர் வைக்கும் சடங்கை நைனா என் செல்போனில் பார்த்தார். தாத்தா உட்கார வேண்டிய பலகையில் பட்டு வேட்டியோடு மாமா உட்கார்ந்து, குழந்தையின் காதில் பேரைச் சொன்னார். பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நைனா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலையைச் சுருட்டினார். அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடச் சொன்னார். விலையைச் சொன்னேன். போடு என்றார். இறால் காசு அத்தனையும் அதிலேயே போனது.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம், பஸ்ஸில் கேட்பதுபோல, டிக்கெட் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னது நைனா கொடுத்ததில் பாதி. ஆத்திரம் தாங்காமல் முன் வரிசை, பின் வரிசை எல்லாம் விசாரித்தாராம். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பயணிகள் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்து, புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே சண்டை வந்து, பணிப்பெண் வந்து நைனாவைப் பெல்ட் போட்டு உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

இறங்கியதும் எனக்குத்தான் முதல் போன். பேரனைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“முன்னாடி ஒரு கோட்டுக்காரன் இருந்தான்மா. என்னவிட ஜாஸ்தி குடுத்துகிறான்” என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.