மூச்சை விடாத அந்தோணி அண்ணாச்சி

புன்னைக்காயல் மருத்துவ முகாமில் எனக்கு அது முதல் நாள். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் வேலையை டாக்டரம்மா என்னிடம் விட்டிருந்தார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கழுத்தில் சுருங்கியிருந்தால் ‘உஸ்… உஸ்’ என்று இரையும். எங்கள் பாஷையில் அது ‘ப்ரூயி’. மூச்சுச் சத்தம் குறுக்கே வராமலிருக்க, “கொஞ்சம் மூச்சைப் பிடிங்க” என்போம். கேட்டு முடிப்பதற்குள் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

அந்தோணி அண்ணாச்சி அப்படி இல்லை. அவர் சங்கு குளிக்கிறவர்; மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்ச் சங்கு எடுக்கிற தொழில்.

இடது பக்கம் வெறும் ‘லப் டப்’. வலது பக்கம் வைத்தேன். உஸ்! பாடத்தில் படித்தது காதில் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “டாக்டரம்மா, ஓடி வாங்க!” என்று கத்தினேன். அவர் வந்து கேட்டார். நான் மறுபடியும் கேட்டேன். அண்ணாச்சி அசையவே இல்லை.

அவர் மனைவி செல்வராணி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “சிஸ்டர், நீங்க சொன்னாத்தான் மூச்சை விடுவாரு. தண்ணிக்குள்ள பழகின மனுசன்லா!”

“ஐயையோ, விடுங்க அண்ணாச்சி!”

புஸ்ஸென்று விட்டார். “இன்னும் கொஞ்சம் பிடிச்சிருப்பேன்” என்றார் பெருமையாக. முகாமே சிரித்தது.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “கண்ணு இருட்டுமா?” என்று கேட்டார்.

“வலது கண்ணுல அப்பப்போ திரை விழுந்து விலகுதுங்காரு” என்றார் அக்கா.

“அது உப்புத்தண்ணி” என்று மழுப்பினார் அண்ணாச்சி.

“உப்புத்தண்ணி இல்ல, பக்கவாதம் எட்டிப் பாக்குது. சத்தத்தை மட்டும் வச்சு அடைப்பு எவ்வளவுன்னு சொல்ல முடியாது. இன்னைக்கே தூத்துக்குடிக்கு வாங்க, கழுத்துக் குழாய்ல ரத்தம் எப்படி ஓடுதுன்னு டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும்” என்றார் டாக்டரம்மா.

“நாளைக்குக் கடலுக்குப் போணும். சீசன் முடியட்டும், வாரேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டெதஸ்கோப்பை அக்கா காதில் மாட்டி, அண்ணாச்சியின் வலது கழுத்தில் வைத்தேன். அக்கா சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“மாதாவே! உள்ள என்னமா இரையுது! இந்தாரும், நீரு கடலுக்குப் போனா நானும் கூடக் குதிப்பேன்.”

“ஏளா, உனக்கு நீச்சல் தெரியாதே!”

“அதனாலதான் சொல்லுதேன்!”

அன்றைக்கே அண்ணாச்சி வேனில் ஏறினார். ஸ்கேனில் பெரிய அடைப்பு தெரிந்தது. அதை எடுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சத்தம் கேட்டால் ஸ்கேனுக்கு அனுப்பு. கேட்காவிட்டாலும் கண் இருட்டியதா, கை மரத்ததா என்று விசாரி. இப்போது புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த முகாமுக்கு அண்ணாச்சி கழுத்தில் தழும்போடு வந்தார். மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டேன். இரைச்சலே இல்லை! துள்ளிக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் துரத்தியது: “சிஸ்டர், மொதல்ல அவரை மூச்சு விடச் சொல்லிட்டுப் போங்க!”