முத்தாரம்மாள் சங்க வகுப்புக்குப் போனது

முத்தாரம்மாள் எனக்கு அத்தை முறை. என் அப்பாவுடைய சித்தப்பா மகள். அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து எங்கள் ஆட்கள் கங்காணி பின்னால் மலையேறி, போனக்காட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தபோது அவள் கைப்பிள்ளை. நான் சொல்ல வருவது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று இருபத்தொன்றில், வெள்ளைக்காரன் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது. அப்போது அவள் கையிலேயே ஆறு மாதப் பிள்ளை இருந்தது.

காலையில் பிள்ளைகளை மடுவம் என்கிற கொட்டகையில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க ஏறினால், மத்தியானம்தான் இறங்கலாம். அதற்குள் பால் கட்டி மார்பு கல்லாகிவிடும். பிள்ளை அழுகிற சத்தம் மேலே வரை கேட்கும்; கேட்டுக்கொண்டே கிள்ள வேண்டும். பத்து மணிக்கு அரைமணி நேரம் இறங்கிப் பால் கொடுத்துவிட்டு வர விட்டால் போதும். முத்தாரம்மாள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வித்துராவில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். லயம் என்கிற வரிசைவீட்டுக்கு ஒருவர் போய்ப் படித்து வர வேண்டும். படித்தவர்தான் துரையிடம் பேசலாம். நான் போகிறேன் என்றாள் முத்தாரம்மாள். லயத்து ஆண்கள் சிரித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவன் என்று அவள் கொழுந்தன் தங்கப்பனை அனுப்பினார்கள்.

வகுப்பு நடந்தது ஓர் அரிசிக்கடை மச்சில். எடுத்தவர் நாகேஸ்வரன், திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்து மனுஷர், வீட்டோடு பிணங்கிச் சங்கத்துக்கு வந்தவர். நல்லவர்தான். தொண்டை கட்டக் கட்டப் பேசுவார். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதோ? சந்தேகம் இருந்தா கூசாம கேளுங்கோ" என்பார். முப்பது பேரும் ஒரே வாயாக, புரிஞ்சுதுங்க என்பார்கள். இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிற ஆட்களைக் கண்டதில்லை என்று அவர் சங்கத்துக்கு எழுதினாராம்.

எங்கள் ஆட்களை அவருக்குத் தெரியாது. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பார்கள். செருப்புக்காலோடு முன்னால் நிற்கிறவர் எது கேட்டாலும் சரிங்க என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அன்றைக்கு வேலை இல்லை. இரண்டு தலைமுறையாக அப்படித்தான். நாகேஸ்வரனும் முன்னால்தான் நின்றார். செருப்பும் போட்டிருந்தார்.

தங்கப்பன் திரும்பி வந்ததும் முத்தாரம்மாள் பிடித்துக்கொண்டாள். எல்லாம் படித்தாயிற்று என்றான். பால் நேரம்?

"அது வரல்ல மதினி. ஒலகத்துத் தொழிலாளி எல்லாம் ஒண்ணுங்கது வந்துது."

"அந்த ஒலகத்துல பிள்ளை பெத்தவ இல்லையோ?"

அதற்குமேல் அவனை நம்பவில்லை. புருஷனுடைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, விறகுக் கட்டைமேல் துரை மாதிரி உட்கார்ந்தாள். அரைமணி தர முடியாது என்று உறுமுவாள். அதெல்லாம் ஒத்துக்க முடியாது துரை என்று அவன் சொல்ல வேண்டும். முதலில் சிரித்தான், பிறகு திக்கினான். பத்தாவது தடவை கணீரென்று சொன்னான். லயமே கூடிக் கைதட்டியது.

துரையைப் பார்க்கப் போன அன்று பெண்கள் ஆபீசு ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். தங்கப்பன் தப்பில்லாமல் கோரிக்கையைச் சொன்னான். துரை கேட்டுவிட்டுச் சொன்னார். கொழுந்து குறையும், இறங்கினவர்கள் ஏறமாட்டார்கள், அடுத்த வருஷம் யோசிப்போம், என்ன?

"சரிங்க துரை" என்றான் தங்கப்பன்.

முடிந்தது. தொழிலாளர் தரப்பும் சம்மதித்தது என்று அங்கேயே எழுதிக்கொண்டார்கள்.

"ஏலே, பத்து வாட்டி சொன்னியே" என்றாள் முத்தாரம்மாள், வழியை மறித்து நின்று.

அவன் தலை நிமிரவில்லை. "அவரு எந்திரிச்சு நின்னுட்டாரு மதினி. நீ உக்காந்துட்டுல்லா இருந்தே."

அவள் அவனோடு பேச்சை நிறுத்தினாள். பிள்ளைக்குப் பால் மறக்கடித்துக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தாள். வேறு வழி இல்லை. ஆனால் லயத்தில் இன்னும் நான்கு பேர் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார்கள்.

சித்திரையில் மறுபடியும் வகுப்பு என்றதும், யாரும் கூப்பிடாமலே பிள்ளையை இடுக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அதே மச்சு, அதே ஆட்கள், தங்கப்பனும் இருந்தான். நாகேஸ்வரன் ஒரு பாடம் சொல்லி முடித்து, புரிஞ்சுதோ என்றார். எல்லாரும் புரிஞ்சுதுங்க என்றார்கள்.

"எனக்குப் புரியல்ல" என்றாள்.

"எந்த எடம்மா?"

"மொதல்லேருந்து. இவங்களுக்கும் புரியல்ல. சித்த உக்காந்து கேட்டுப் பாருங்க ஐயா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டார். பிறகு ஒருவன் பாதி புரியவில்லை என்றான். இன்னொருவன், போன தடவையும் புரியவில்லை என்றான். நாகேஸ்வரனுக்கு முகம் செத்துப்போயிற்று. இனிமேல் உட்கார்ந்தே வகுப்பு எடுக்கிறேன் என்றார்.

"அது ஆகாது. துரை உக்காரமாட்டாரு. எந்திரிங்க, செருப்பைப் போட்டுக்கிடுங்க. பால் குடுக்க அரைமணி கெடையாதுன்னு துரை மாதிரி கேளுங்க."

அவர் எழுந்து நின்று, ஆட்களைப் பார்த்து, "அரைமணி கெடையாது. சரிதானே?" என்றார்.

"சரிங்க" என்றது மச்சு முழுவதும். தங்கப்பன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

முத்தாரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அழுத பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி கேளுங்க ஐயா" என்றாள்.